ஒரு கணக்கு தப்பாக இருக்கட்டும்

லீலா டீச்சர் பொல்லாதவள் என்று புனேயின் கோர்படி ரயில்வே காலனியில் எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகளைக் கேட்டால் இல்லை என்பார்கள்; அவள் கோபமெல்லாம் பெரியவர்களிடம்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். மராத்தியில் அதட்டுவாள், இந்தியில் பேரம் பேசுவாள், வீட்டில் அம்மாவிடம் தமிழ். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

வருஷக்கணக்காக நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து அலுத்துப்போயிருந்தவளுக்கு, இந்த வருஷம் சோனியா வந்து சேர்ந்தாள். ரயில்வே யார்டில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவரின் மகள். பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை எழுந்து, "மிஸ், அரைக்கும் காலுக்கும் நடுவுல எத்தனை பின்னம் இருக்கு? எடுக்க எடுக்க வந்துட்டே இருக்கே, முடியவே முடியாதா?" என்று கேட்டது. லீலா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அவ்வளவு கெட்டிக்காரி என்றால் மக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், நீங்கள் போர்ஷனை முடியுங்கள்" என்றாள் தலைமையாசிரியை. லீலா சண்டை போட்டு, லைப்ரரி பீரியடில் சோனியாவுக்குத் தனியாகக் கணக்குக் கொடுக்க அனுமதி வாங்கினாள்.

ஒன்றுதான் புரியவில்லை. ஒவ்வொரு பரீட்சையிலும் சோனியா ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாள், அதுவும் இருப்பதிலேயே சுலபமானதை. நயமாகக் கேட்டதும் உண்மை வந்தது. "அம்மாதான் ஒண்ணு தப்பா எழுதச் சொன்னாங்க."

சோனியாவின் அம்மா பவுனை வரச்சொன்னாள் லீலா.

"கன்னத்துல மை வைக்கிறோம்ல டீச்சர், அது மாதிரிதான். முழுசா இருந்தா கண்ணு பட்டுரும்" என்றாள் பவுன்.

லீலா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க டீச்சர். இவளுக்கு முன்னால ஒருத்தன் இருந்தான். நாலு வயசுல நூறுலேர்ந்து தலகீழா எண்ணுவான். காலனியே வந்து வேடிக்கை பார்த்துச்சு." அதற்கு மேல் பவுன் சொல்லவில்லை. லீலாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

ஆனால் விட முடியுமா? நகரத்துக் கல்லூரி ஒன்றில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. சோனியா கேட்கிற கேள்விக்கெல்லாம் அங்கேதான் பதில் சொல்ல ஆள் உண்டு. இடமோ கொஞ்சம், நுழைவுத் தேர்வில் ஒன்று தப்பினாலும் போச்சு. லீலா பவுனின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள்.

"உங்க வார்த்தைய நம்பி இந்த ஒரு தடவை" என்றாள் பவுன்.

சோனியா எல்லாவற்றையும் சரியாக எழுதி முதலாவதாக வந்தாள். பள்ளிக்கூட வாசலில் அவள் படம் போட்டுப் பெரிய பேனர் கட்டினார்கள். படத்தை எடுத்துக் கொடுத்ததே லீலாதான். பெருமை தலைக்கேறியிருந்தது, பவுனை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே சோனியாவுக்கு டெங்கு. ஐ.சி.யு. வரைக்கும் போய்ப் பிழைத்து வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் லீலா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், மழைக்காலம், கொசு, காலனியில் பாதிப் பேருக்கு இதே காய்ச்சல் என்று.

"கொசு எல்லார் வீட்டுலயும் இருக்கு டீச்சர். பேனர்ல எம் புள்ள மொகம் மட்டும்தான இருந்துச்சு?" என்றாள் பவுன். கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருக்கலாம்.

சனிக்கிழமை வகுப்பு வேண்டாம் என்றாகிவிட்டது. லீலா இரண்டு முறை வீட்டுக்குப் போனாள். பவுன் டீ கொடுத்து, மரியாதையாகப் பேசி, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். இடம் வேறு குழந்தைக்குப் போயிற்று.

இளைத்துப்போய்ப் பள்ளிக்குத் திரும்பிய சோனியா, அடுத்த பரீட்சையில் ஒன்றுவிடாமல் எல்லாக் கணக்கையும் தப்பாகப் போட்டிருந்தாள். வகுப்பு கலைந்ததும் லீலா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அம்மா சொன்னாங்களா?"

"இல்ல மிஸ். அம்மா ஒண்ணுதான் தப்பா எழுதச் சொன்னாங்க. நானேதான்."

"ஏம்மா?"

"ஆஸ்பத்திரில அம்மா ரொம்ப அழுதாங்க மிஸ்."

லீலா விடைத்தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். சரியான விடைகளைச் சொல்லச் சொன்னாள். குழந்தை தாளைப் பார்க்காமலே கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னது. பிறகு, "ஆனா மார்க் போடாதீங்க மிஸ்" என்றது.

லீலா சிவப்புப் பேனாவைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தப்பு போட்டாள்.