மலையை விட மாட்டோம்

எங்க வார்டுல ஜெயிக்கிறதும் தோக்குறதும் ஒரு ஜீப்பு ஆளுக கையில இருக்கு. பேச்சுக்குச் சொல்லல. போன ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல்ல, ஏலக்காத் தோட்டத்து வேலைக்குப் போன ஒரு ஜீப்பு போடிமெட்டு வளைவுல பஞ்சராகி நின்னு, ஓட்டு முடிஞ்ச பெறகுதான் ஊர் வந்து சேந்துச்சு. அதுல உக்காந்திருந்தது பூராம் எங்க வீட்டுக்காரரு கட்சிக்காரவுக. அந்த ஒரு ஜீப்பு ஓட்டுலதான் இவரு தோத்தாரு. அந்த டயரு பஞ்சரானது எதிர்க்கட்சி சதின்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. அந்த டயருல நூலு தெரிஞ்சு வருசமாச்சுன்னு ஜீப்பு டிரைவரே சொல்லிட்டாரு, இவரு காதுல ஏறல.

அந்த எதிர்க்கட்சி வேற யாருமில்ல, எங்க அக்கா வீட்டுக்காரரு. அக்காவும் நானும் ஒரே தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவுக. சகலைக ரெண்டு பேரும் விசேச வீட்டுல பக்கத்துப் பக்கத்து எலையில உக்காந்து சாப்புடுவாக. கை கழுவுன ஒடனே ஆரம்பிச்சிருவாக. மழை பெஞ்சா யாரு ஆட்சியில நல்லாப் பெஞ்சுச்சுன்னு ஒரு சண்டை, பெய்யலைன்னா அதுக்கு ஒரு சண்டை.

இந்தத் தடவை வார்டப் பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாக. அன்னைக்குக் காலையில நான் தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன், எங்க வீட்டுக்காரரு வந்து நல்ல சேலையா எடுத்துக் கட்டு, போட்டோ எடுக்கணும்னாரு. யாருக்குக் கல்யாணம்னு கேட்டேன். நீதான் வேட்பாளருங்குறாரு. தோசை கருகிப் போச்சு. அங்கிட்டு அக்கா வீட்டுலயும் அதே கூத்துதான் நடந்திருக்கு. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவள அப்படியே இழுத்துட்டுப் போயி மனுத்தாக்கல் பண்ண வச்சிருக்காரு எங்க மச்சான். பிளக்ஸ் வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு படம் ஆள் ஒசரத்துக்கு நிக்குது, அவரு காலடியில ரேசன் கார்டு போட்டோ அளவுக்கு நான் கும்புட்டுக்கிட்டு இருக்கேன்.

சரி, எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்னா, மலைதான். பொட்டிபுரத்து மலையில ஆராய்ச்சிக்கூடம் வரப்போகுதுன்னு பேச்சு வந்து, டிவிக்காரன் வண்டியெல்லாம் அங்க வந்து நின்னப்போ எங்க ஊருல ஆம்பளைகளுக்கு ஒரே பொறாமை. நம்ம மலைக்கு என்ன கொறச்சல், ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டேங்குறானேன்னு டீக்கடையில பொலம்புனாக. பொலம்புனது எவன் காதுல விழுந்துச்சோ, எங்க மலைக்கும் ஒண்ணு வந்துச்சு. மலையக் குடைஞ்சு தண்ணியில கரண்டு எடுக்குற திட்டம். கரண்டு மிச்சமா இருக்குறப்ப கீழ கெடக்குற தண்ணிய மலைமேல ஏத்துவாகளாம், பத்தாதப்ப அதே தண்ணியக் கீழ எறக்கிக் கரண்டு எடுப்பாகளாம். கீழதான எறக்கப் போறீக, அப்பறம் எதுக்கு மேல ஏத்துறீகன்னு எங்க தெருவே கூட்டத்துல கேட்டுச்சு. அதிகாரி பொறுமையா வெளக்குனாரு. அவருக்கே கடைசியில சந்தேகம் வந்துருச்சு போல, தண்ணி குடிச்சுட்டு உக்காந்துட்டாரு.

திட்டத்த யாரு கொண்டு வந்ததுங்குறதுதான் சண்டை. ஒங்க ஆட்சியில கையெழுத்தாச்சுன்னு இவரு, ஒங்க ஆட்சியில அளந்தாகன்னு அவரு. ரெண்டு பேரும் எதிர்க்கத்தான் செய்யுறாக. ஆனா ஒண்ணா எதிர்த்தா யாருக்கு ஓட்டுன்னு தெரியாமப் போயிருமே, அதனால தனித்தனியா எதிர்த்தாக.

எங்க வீட்டுக்காரரு ராத்தூக்கம் இல்லாம யோசிச்சு ஒரு வாசகம் எழுதுனாரு. "மலையை விட மாட்டோம்." நறுக்குன்னு இருக்குல்லன்னு எங்கிட்ட கேட்டாரு. இன்னொரு ஆளப் படிக்கச் சொல்லிப் பாருங்கன்னேன். ஒனக்கு என்ன தெரியும்னு கெளம்பிப் போயி ஊரு முக்குல கட்டிட்டாரு. மறுநா காலையில மச்சான் டீக் கிளாசோட அதுக்கு நேரா நின்னு சத்தமாப் படிச்சுக் காட்டிருக்காரு. மலைய விட மாட்டாகளாம், கேட்டுக்கங்கப்பா, ஒருத்தனப் பாத்து ஒன்ன விட மாட்டேன்டான்னு சொன்னா என்ன அர்த்தம், மலையக் குடையாம ஓய மாட்டோம்னு போட்டோவோட எழுதி வச்சுட்டாக பாருங்கன்னு. டீக்கடையே சிரிச்சு உருண்டிருக்கு. மத்தியானத்துக்குள்ள அந்தப் பிளக்ஸ் எல்லா வாட்சப்புலயும் வந்துருச்சு. கீழ நான் கும்புட்டுக்கிட்டு இருக்கேனா, மலைகிட்ட மன்னிப்புக் கேக்குறாகன்னு ஒருத்தன் எழுதியிருந்தான்.

மச்சான் அதோட விட்டிருக்கலாம். ஆசை எந்த மனுசன விட்டுச்சு. பெரிய மனசு இருக்குறதாக் காட்டணும்னு, எதுத்தாப்புல பெரிசா ஒரு பிளக்ஸ் வச்சாரு. "மலையை விட மக்களே பெரிது." இப்ப எங்க வீட்டுக்காரரு டீ கிளாசத் தூக்கிட்டாரு. அப்ப மலை சின்னதுங்குறாரு, மலை போனாப் போகட்டுங்குறாருன்னு பிடிச்சுக்கிட்டாரு. ஒத்த வார்த்தை, 'விட'. ரெண்டு சகலையையும் ஒரு வாரம் நாறடிச்சுருச்சு. ஊரு நல்லாச் சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். அக்கா மட்டும் சிரிக்கல.

அவளுக்குச் சிரிப்பு வர்ற நெலமை இல்ல. அளக்க வந்தவுக மலையடிவாரத்துல கல்லு ஊனி, கம்பி வேலி போட்டு, கேட்டு வச்சு, பூட்டிட்டாக. அது மாடு போற பாதை. அக்கா வச்சிருக்குறது மலைமாடு. தொழுவுல கட்டி வச்சுத் தவுடும் புண்ணாக்கும் போடுற சாதி இல்ல. காலையில அவுத்து விட்டா மலையில மேஞ்சுட்டுப் பொழுது சாய எறங்கும், அதுதான் அதுக பொழப்பு. அவகிட்ட மேய்ச்சலுக்குப் பாஸ் இருக்கு, பாதைதான் இல்ல. திட்டத்து ஆபீசுல போயிக் கேட்டதுக்கு, ஊரு சார்பா ரெண்டு கட்சியும் சேந்து கேட்டா ஒரு வழி விட்டுறலாம்மான்னு நல்லவிதமாத்தான் சொல்லியிருக்காக.

அக்கா மொதல்ல தன் வீட்டுக்காரருகிட்ட கேட்டா. பாதை கேட்டா வேலிய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னாரு. பெறகு எங்க வீட்டுக்கு வந்து இவருகிட்ட கேட்டா. பாதை கேட்டா வேலிய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் மதினின்னாரு. ஒரு எழுத்து மாறல. ரெண்டு பேரும் இத்தன வருசத்துல ஒத்துப்போன ஒரே சங்கதி இதுதான். வேலி அப்படியே இருந்தாத்தான் அதுக்கு முன்னாடி நின்னு கத்த முடியும், அதுதான் விசயம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்னைக்குக் கொழம்புல உப்பே போடல. அவரு அதையும் ஊத்திச் சாப்பிட்டுட்டு, தொகுதி நெலவரத்த யோசிச்சுக்கிட்டே போயிட்டாரு.

கேட்டுல காவலுக்கு இருந்தவரு தேவாரம் ஊருக்காரரு, நல்ல மனுசன். மாட்ட விட மாட்டேன்க்கா, என் வேலை போயிரும்னு கையெடுத்துக் கும்புட்டிருக்காரு. அக்கா திரும்பி வீட்டுக்கு வந்தா அங்க மாட்டுத் தரகரு உக்காந்திருக்காரு. அவருகிட்ட இவ சொன்னதும் அதே வார்த்தைதான், மாட்ட விட மாட்டேன்னு. அவரு சிரிச்சுக்கிட்டே, வைக்கோல் தீந்ததும் வர்றேன்னு போயிருக்காரு. வைக்கோல் தீந்துச்சு. நின்ன எடத்துல நின்னுக்கிட்டு, கெடச்ச சக்கையத் தின்னு மாடுக வயிறு ஒட்டிப் போச்சு. தரகரு வந்தா எதக் கேப்பாரு, இருக்குறதுல நல்லதத்தான் கேப்பாரு. செவலையக் கேட்டாரு. செவலைதான் மந்தைக்கு முன்னால போறது. அது எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் மத்ததெல்லாம் போகும். அதக் குடுத்து மத்ததுகளுக்கு வைக்கோல் வாங்குனா.

எனக்கு அது தெரியாது. நான் அன்னைக்கு ஜீப்புல நின்னுக்கிட்டு ஏலத்தோட்டத்து ஓட்டுக் கேக்கப் போடிமெட்டு ரோட்டுல ஏறிக்கிட்டு இருக்கேன். எதுக்க வர்றவுக, பஸ்சுல போறவுக, பாறையில உக்காந்திருக்க கொரங்கு, எல்லாத்தையும் கும்புட்டுக்கிட்டே போறேன். கை தானா கும்புட்டுக்கிட்டு இருக்கு. ஒரு வளைவுல எங்களுக்கு முன்னாடி கேரளாவுக்கு அடிமாடு ஏத்திக்கிட்டுப் போற லாரி நின்னுச்சு. பின்பக்கக் கம்பிக்கு நடுவுல ஒரு மொகம், நெத்தியில வெள்ளப் பொட்டு. செவலை. நான் அதையும் பாத்துக் கும்புட்டேன். மைக்குல எங்க வீட்டுக்காரரு, உங்கள் பொன்னான வாக்கைங்குறாரு. கைய எறக்கிட்டேன். லாரி ஒரு உறுமு உறுமி மேல ஏறிருச்சு. அன்னைக்கு முழுக்க அதுக்கப்பறம் நான் யாரையும் கும்புடல. எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க, ஓட்டு போயிரும்னு திட்டு வாங்குனேன். போகட்டும்னேன்.

கடைசிப் பிரச்சாரத்தன்னைக்கு ரெண்டு கட்சிக்கும் வேலிக்கு முன்னாடி போட்டோ எடுக்கணும். வேற வேற நேரந்தான் குறிச்சுக் குடுத்தது. எங்க கட்சி வழக்கம் போல லேட்டு, அவுக கட்சி வழக்கத்துக்கு மாறா லேட்டு, ரெண்டு ஊர்வலமும் கேட்டு முன்னாடி ஒண்ணாப் போயி நின்னுச்சு. இங்கிட்டு ஒரு மைக்கு, அங்கிட்டு ஒரு மைக்கு. மலைய விட மாட்டோம், விட மாட்டோம்னு கோசம். அவுக ஜீப்புல மச்சான் மட்டும் நிக்குறாரு, வேட்பாளரக் காணோம்.

வேட்பாளரு மாட்டோட வந்தா. கட்சிக் கரை போட்ட சேலை, கழுத்துல மாலை, கையில கம்பு. ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல மந்தையப் பத்திக்கிட்டு வந்து நேரா கேட்டு முன்னாடி நின்னா. மச்சான் மைக்க நீட்டுனாரு, ரெண்டு வார்த்தை பேசுன்னு. அவ மைக்க வாங்கல. சும்மாதான் சொன்னா, எல்லாருக்கும் கேட்டுச்சு.

"மலைய அப்பறம் விடாம இருங்க. மொதல்ல மாட்ட விடுங்க."

கோசம் நின்னுருச்சு. நான் ஜீப்ப விட்டு எறங்கிப் போயி அவ பக்கத்துல நின்னேன். எங்க வீட்டுக்காரரு பின்னாடியிருந்து, வேலிய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்டின்னு பல்லக் கடிக்கிறாரு. ஒத்துக்கிட்டுத் தொலையுறேன்னேன். காவக்காரரப் பாத்து, ரெண்டு கட்சியும் சேந்து கேக்கணும்னுதான சொன்னாக, இந்தா சேந்து கேக்குறோம், தெறங்கண்ணேன்னு சொன்னேன். அவரு அக்காவப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. யாரு ஜெயிச்சாலும் நாளைக்கு ஒங்கள்ல ஒருத்தருதானக்கா கவுன்சிலருன்னு சொல்லிக்கிட்டே சாவிய எடுத்தாரு.

கேட்டு தெறந்துச்சு. மாடு போகல. அத்தன நாளு எந்தப் பாதைக்கு ஏங்குச்சுகளோ அது எதுக்க இருக்கு, ஒண்ணுகூட காலெடுத்து வைக்கல. ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குதுக. அக்கா பழக்க தோசத்துல, "ஏ செவலை, நட ஆத்தா"ன்னா. சொல்லிட்டுத்தான் அவளுக்கே ஒறைச்சது. கம்ப ஊனிக்கிட்டு அப்படியே நின்னுட்டா. அந்தக் கூட்டத்துல எனக்கு மட்டுந்தான் தெரியும், அவ எதுக்கு நிக்குறான்னு. சேலைத் தலைப்பால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு, இப்ப என்னக்கா செய்யுறதுன்னேன். நீ முன்னால நடன்னா.

நான் நடந்தேன். என் கழுத்துல செண்டுமல்லி மாலை கெடந்துச்சு. ஒரு கிடேரி அத மோந்து பாத்துட்டு ஒரு இழுப்பு இழுத்துச்சு. ரெண்டு எட்டு வச்சேன், அதுவும் வச்சுச்சு. அது பின்னாடி இன்னொண்ணு. நான் முன்னால, மாலையத் தின்னுக்கிட்டே மந்தை பின்னால, அக்கா கடைசியில. கேட்டத் தாண்டிப் போயிட்டோம். நாங்க திரும்பி வர்றப்ப கழுத்துல வெறும் நாருதான் கெடந்துச்சு. போட்டோ எடுக்க வந்தவன் அதத்தான் எடுத்தான். சகலைக ரெண்டு பேரும் அதுல எங்கயுமே இல்ல.

அந்தப் படத்தாலயோ, இந்தத் தடவை நல்ல டயரு மாட்டுனதாலயோ, நான் ஜெயிச்சுட்டேன். அதே ஒரு ஜீப்பு வித்தியாசந்தான். மச்சான் இப்ப ஜீப்பு டிரைவரோட பேசுறதில்ல. அக்கா என் தோளுல ஒரு தட்டுத் தட்டிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா. திட்டம் வருமா வராதான்னு இன்னும் கோர்ட்டுல கெடக்கு. வேலியும் கெடக்கு. ஆபீசுல கேட்டா, வழி விடுற உத்தரவு மேலயிருந்து வரணுமாம், அதுவரைக்கும் கவுன்சிலரு நேருல வந்து நின்னா மட்டும் தெறக்கலாமாம். தண்ணிய மேல ஏத்துறவுக ஒரு உத்தரவக் கீழ எறக்க இத்தன நாளு ஆகுது.

அதனால கவுன்சிலரா எனக்கு இருக்க ஒரே சோலி இதுதான். காலையில போயி கேட்டு முன்னாடி நிக்கணும். மத்ததெல்லாம் எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிறாரு. கல்வெட்டுல பேரும் மேடையில நாக்காலியும் அவருக்கு, வார்டு சனம் மனுவோட போறதும் அவரு பின்னாடிதான். முந்தாநேத்து எனக்குக் காய்ச்சல், போகல. நேத்து போனப்ப அக்கா கேட்டு முன்னாடி மாடுகளோட நின்னுக்கிட்டு இருந்தா. காவக்காரரு பாவம் பாத்து முந்தாநேத்து தெறந்து விட்டாராம், மாடுதான் போகலையாம்.

"ஒம் பின்னாடி வந்து பழகிருச்சுடி"ன்னா அக்கா. "இனிமே வெரசா வந்துரு."

சரிக்கான்னு சொல்லிட்டு நான் முன்னால நடந்தேன்.