நாற்காலி நல்லா விழுந்திருக்குது

ஓசூரில் பிளாஸ்டிக் ஃபிலிம் கேமராவுக்கு பாடி வடிவமைப்பது என் வேலை. எடையைக் குறைக்கப் பின்மூடியை மெலிதாக்கினேன். சோதனைக்குச் செய்த அந்த முதல் கேமராவோடு மகளின் காதுகுத்துக்குப் போய், "எல்லாரும் போனை உள்ள வைங்க, என் கேமரா போதும்" என்று அதட்டினேன். மச்சான் கையிலிருந்த போனைப் பிடுங்கியே வைத்தேன்.

மெலிந்த மூடி ஃபிலிமைச் சரியாக அழுத்தாததால் அது நடுவில் வளைந்துவிட்டது. கழுவிய படங்களில் மகளும், அவளை மடியில் வைத்திருந்த மச்சானும் வெறும் கலங்கல். ஓரத்து நாற்காலிகள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

"குத்தின காதை மறுபடி குத்தவா?" என்றாள் மனைவி.

மச்சான் ஊத்தங்கரையிலிருந்து போனில் சிரித்தான். "விடுங்க மாமா, நாற்காலி நல்லா விழுந்திருக்குது."

மூடியைத் தடிமனாக்கிவிட்டேன். எடை கூடிவிட்டதென்று முதலாளி கத்துகிறார். கத்தட்டும். ஊத்தங்கரைக்குப் போகத்தான் எனக்கு இன்னும் முகமில்லை.