பள்ளிக்கூடத்துக் கழித்தலும் அக்காவின் கழித்தலும்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சாயங்கால அக்கா. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிள் கடை மாடியில் இருக்கிற அவள் அறைக்குத்தான் ஓடி வருவார்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளை அவளிடம் அனுப்புவதென்று பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு. வகுப்பு டீச்சர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: "நாங்க போடுற முறையிலயே சொல்லிக் குடுங்க. புள்ளைங்க குழம்பிடும்." அக்கா பலமாகத் தலையாட்டினாள்.

ஆட்டியதோடு சரி. பல வருஷம் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள். அறுபத்து மூன்றில் இருபத்தெட்டு போனால்? இருபத்தெட்டோடு இரண்டு, முப்பது, இன்னொரு முப்பது, அறுபது, மேலே மூன்று. ஆக முப்பத்தைந்து. சில்லறை கொடுக்கிற மாதிரி முடிந்தது கணக்கு! பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கிக் கழிக்கிற பள்ளிக்கூட முறை, அவளுக்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. அவளிடம் வருகிற பிள்ளைகளில் ஒருத்தியான தையற்காரர் மகள் அப்படிப் போட்டால், அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "இதென்னடி சுத்தி வளைச்சு? அழி. என்னை மாதிரி போடு." டீச்சர் வேலைக்கான பரீட்சையில் தேறாதவள், தனக்கும் தெரியும் என்று யாரிடமாவது காட்ட வேண்டியிருந்தது. கிடைத்தது எட்டு வயசுக் குழந்தை.

வருஷக் கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். தையற்காரர் மகள் மேல் வகுப்புக்குப் போவதா, இதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காருவதா என்று அன்றைக்கு முடிவாகும். அக்காவுக்கு டீச்சர் பக்கத்திலேயே நாற்காலி. அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

கரும்பலகையில் அதே கணக்கு. குழந்தை எழுதினாள், அழித்தாள். டீச்சரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடியும் அழித்தாள்.

"ரெண்டு இடத்துல படிச்சும் மண்டையில ஏறலையே!" என்று தையற்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சர் குனிந்து கேட்டாள். "தெரியலையாம்மா?"

"தெரியும் டீச்சர். அக்கா வெளிய போனா போட்டுடுவேன்."

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். உள்ளே சாக்பீஸ் தடங்கலில்லாமல் ஓடுகிற சத்தம். பிறகு கைதட்டல்.

குழந்தை ஓடி வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ்க்கா! டீச்சர் மாதிரிதான் போட்டேன். கோவமாக்கா?"

அக்காவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.