இலாஸ்டிக் கட்டிய துப்பாக்கி

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. செத்துப்போன கொழுந்தனாரின் பிள்ளைகள் இரண்டும் என் கைச்சோற்றில்தான் பெரிதாயின. ஐந்தையும் ஆளாக்கியவளுக்கு ஒரு விரல் நீள விரிசலை ஒட்டத் தெரியவில்லை என்றால் எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

விரிசல் எங்கள் வீட்டு இரட்டைக் குழல் துப்பாக்கியில். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கி வர வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். அதை வேனில் துணி ரோல்களுக்கு நடுவே சொருகியது பெரியவன். பனியன் கம்பெனி நடத்துகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் ரோலுக்கு நடுவே சொருகத்தான் தோன்றும். அருள்புரம் திருப்பத்தில் ஒரு ரோல் சாய்ந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மரக்கட்டையின் கழுத்தில் விரிசல்.

"லைசென்ஸ் புதுப்பிக்கப் பார்க்க வருவாங்க. ஒடைஞ்சதக் காட்டுனா நூறு கேள்வி. பேசாம ஒப்படைச்சரலாங்மா" என்றான்.

"ஒட்டிட்டா?"

"ஒட்டுனா வெச்சுக்கங்க. இல்லீன்னா இந்தத் தடவ நீங்க அடம் புடிக்கக் கூடாது."

சரி என்றேன். தச்சரைக் கூப்பிட்டால், "பிளைவுட்டு, மைக்கான்னா ஒட்டறேனுங்காத்தா. இதத் தொட்டா என்னைய ஜீப்புல ஏத்திருவாங்க" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் நானே உட்கார்ந்தேன்.

குழலை மடக்கி, தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். தோட்டா வாங்கியே எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனாலும் பார்ப்பது பழக்கம். தையல் மிஷின் ஆயிலைத் தொட்டு இரும்பைத் துடைத்தேன். அந்த வாசனை இருக்கிறதே, அது என் வீட்டுக்காரரின் வாசனை. சோளம் பால் பிடிக்கும் காலத்தில் தினம் துடைப்பார். கிளிக்கூட்டம் வந்து இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. காடே பச்சையாக எழும்பிப் போகும். ஒருநாள் அவர் குன்னத்தூர் சந்தைக்குப் போயிருந்தபோது நானே எடுத்துச் சுட்டேன். கிளி பறந்தது, நானும் பறந்து வாய்க்காலில் மல்லாந்தேன். தோள்பட்டை கன்றி, ஒரு வாரம் மோர் கடைய முடியவில்லை. "ஏம்புள்ள, கிளிய முடுக்கச் சொன்னா நீ குளிச்சுட்டு வந்திருக்கறே" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்த மனுஷன்தான், அதற்கப்புறம் தோளில் எப்படி அணைத்துப் பிடிப்பது என்று காட்டியும் கொடுத்தார்.

அவர் போன பிறகு லைசென்ஸை என் பேருக்கு மாற்றப் போனேன். அங்கே இருந்தவர் மைப்பெட்டியை நகர்த்தி, "கைநாட்டு வெச்சாப் போதும்" என்றார். துப்பாக்கி வைத்திருக்கிறவள் பெருவிரலை நீட்டுவதா? பதினைந்து நாள் கழித்து வருகிறேன் என்று வந்துவிட்டேன். சின்னவனின் சிலேட்டில் என் பேரை எழுதி எழுதி அழித்தேன். இன்றைக்கும் எனக்கு முழுசாக எழுத வருவது அது ஒன்றுதான்.

எங்கேயோ போய்விட்டேன். விரிசலுக்குள் தீக்குச்சியால் ஃபெவிகாலைத் தள்ளினேன். இனி இறுக்கிக் கட்ட வேண்டும். அவராக இருந்தால் சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றுவார். வீட்டில் மூன்று கார் நிற்கிறது, ஒரு சைக்கிள் டியூப் கிடையாது! கம்பெனியில் ஜட்டிக்கு வைக்கிற இலாஸ்டிக் பண்டல் பண்டலாகக் கிடந்தது. அதை எடுத்து இழுத்து இழுத்துச் சுற்றினேன். இழுத்த இழுப்பில் பசை பிதுங்கியது கண்ணுக்குத் தெரியவில்லை. காலையில் பிரித்தால் வரமாட்டேன் என்கிறது. பிளேடு, கத்தி, வெந்நீர், உப்புத்தாள் எல்லாம் ஆயிற்று. பாதி இலாஸ்டிக் வந்தது, பாதி மரத்தோடு மரமாகிவிட்டது. வந்த இடத்திலும் வரி வரியாகத் தடம். கை வலியில் அன்று மத்தியானம் மருமகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். ஆனால் விரிசல் மட்டும் இறுகிவிட்டது. முட்டியால் தட்டினேன், கிண்ணென்று இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பார்க்க வந்தது ஒரு போலீஸ்காரப் பெண், தெற்கத்திப் பிள்ளை. கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை அதற்கு.

"என்ன ஆச்சி, துப்பாக்கிக்கு ஜட்டி மாட்டி விட்டியளா?"

"ஆமாங்கண்ணு, எங்கூர்ல எல்லாத்துக்கும் அதுதான்" என்றேன். அதுவும் நானும் சிரித்தோம். கட்டையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நிமிர்ந்து பெரியவனைப் பார்த்தேன்.

அப்புறம்தான் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டது. "பயிர்ப் பாதுகாப்புக்குத்தானே ஆச்சி இது? பயிரு எங்க இருக்கு?"

கையை நீட்டிக் காட்டத்தான் போனேன். கிழக்கே தையல் ஷெட்டு. மேற்கே குடோன். வடக்கே ஒடிசாப் பையன்கள் தங்குகிற லைன் வீடு, கொடியில் அவர்கள் லுங்கி. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

பெரியவன் "அப்பவே சொன்னேனுங்களே" என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியை ஒப்படைத்து, திரும்ப வாங்காத கையெழுத்தை நானே போட்டேன்.

நான்கு நாளாக எதன் மேல் கோபம் என்றே தெரியாமல் கோபமாக இருக்கிறது. பசை மேலா, பிள்ளை மேலா? சோளக்காட்டை விற்கவில்லை, யாரும் பிடுங்கவும் இல்லை. தண்ணீர் வற்றியதும் ஷெட்டுப் போடலாம் என்றார்கள், நானும் தலையாட்டினேன். கிளி வராமல் போனது எந்த வருஷம் என்று கேட்டால் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கவனிக்கக்கூட இல்லையே நாங்கள்.

போதும் கண்ணு, நாஞ் சொல்லச் சொல்ல நீ எழுதினவரைக்கும் ஒருக்கா படிச்சுக் காட்டு. சத்தமாப் படி சாமி, மிஷின் ஓட்டத்துல எனக்கு ஒண்ணும் காதுல உழுக மாட்டேங்குது.