ஆறு மாசம் இருக்கா?

அந்தச் சுற்றுலா அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. 'ஆறு மாசம்' என்று சொன்னால்தான் தெரியும். மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அலுவலகம். வெளிநாடு போகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் பாஸ்போர்ட்டுக்குக் கை நீட்டுவாள். "ஊர் திரும்பற தேதியிலேர்ந்து இன்னும் ஆறு மாசம் இருக்கா?" என்பதுதான் அவள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி. ஒருமுறை ஒரு பெண் இதை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு, "இல்லைங்க, இப்பதான் நாலு" என்று வெட்கத்தோடு வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அலுவலகமே குலுங்கிச் சிரித்தது. பட்டப்பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தக் கேள்வி அவளுக்கு வந்த கதை மட்டும் சிரிப்புக்கு உரியது அல்ல.

இருபத்தாறு வயதில் அங்கே டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். முதல் வருடத்திலேயே அது நடந்தது. வெளிநாட்டில் மகன் பட்டம் வாங்குவதைப் பார்க்க, அந்த அலுவலகத்தில் டிக்கெட் எடுத்து ஒரு தாயும் தகப்பனும் கிளம்பினார்கள். விமான நிலையத்தில் தாயைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாக நான்கு மாதம்தான் மிச்சம் இருந்தது. அந்த நாட்டுக்கு ஆறு மாதம் வேண்டும். மறுநாள் காலையில் தகப்பனார் அலுவலகப் படி ஏறி வந்தார். சத்தம் போடவில்லை. பாஸ்போர்ட்டை அவள் மேஜைமேல் வைத்து, "ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பார்ப்பது அவள் வேலை என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அப்படியொரு வேலையே அப்போது அந்த அலுவலகத்தில் கிடையாது. ஆனாலும் அந்த மனிதர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அன்று மாலையே நீள நோட்டு ஒன்று வாங்கி, நாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாள். எந்த நாட்டுக்கு எத்தனை வெற்றுப் பக்கம் வேண்டும், எங்கே போட்டோவில் காது தெரிய வேண்டும், எங்கே திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள், எங்கே ஒரு ஆப்பிளைக்கூடப் பையில் கொண்டுபோகக் கூடாது. விதி மாறினால் சிவப்பு மையால் அடித்துப் பக்கத்தில் புதியதை எழுதுவாள். பத்தொன்பது வருடத்தில் நோட்டுகள் ஏழாயின. அவள் கைபட்ட காகிதத்தோடு போன ஒருவரைக்கூட எந்த விமான நிலையத்திலும் திருப்பி அனுப்பியது இல்லை. மற்ற ஏஜென்சிக்காரர்கள் தங்கள் முதலாளிக்குத் தெரியாமல் அவளுக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்பார்கள். அவளும் சொல்லுவாள். "போறவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்பாள்.

அந்தப் பத்தொன்பதாம் வருடம் இருபத்து மூன்று பேர் கொண்ட குழு ஒன்று கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, கூட்டிப்போக வேண்டிய கைடு குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். முதலாளி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர், சுழல் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"நீ போயிட்டு வாயேன்."

"நானா? நான் வாசலைத் தாண்டினது இல்லையே சார்."

"வாசலைத் தாண்டலைன்னா என்ன? எந்தக் கவுன்ட்டர்ல என்ன கேப்பான்னு உனக்குத் தெரிஞ்ச மாதிரி அந்தக் கைடுக்கே தெரியாது."

பாஸ்போர்ட் அவளிடம் இருந்தது. வரிசையில் என்னென்ன கேட்கிறார்கள் என்று தானே நின்று தெரிந்துகொள்வதற்காக எப்போதோ எடுத்தது. தவறாமல் புதுப்பித்தும் வைத்திருந்தாள். உள்ளே ஒரு முத்திரை கிடையாது. விசா இணையத்திலேயே கிடைக்கும் நாடு என்பதால் மறுநாள் மதியம் வந்துவிட்டது. வீட்டில் சொன்னபோது மகள் துள்ளிக் குதித்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் மேலே ஏத்தறது நானு. மேகத்துக்கு மேல போறது நீயா?" என்றார். சொல்லும்போதே அவருக்கு முகமெல்லாம் பல்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் குழுவை அலுவலகத்துக்கு வரவழைத்து உட்கார வைத்தாள்.

"பாஸ்போர்ட் ஒரு பையில, அதோட நகல் வேற பையில. ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க, தொலைஞ்சா ரெண்டும் சேர்ந்து தொலையும். ஆளுக்கு ஒரு பேனா. விமானத்துல ஃபார்ம் குடுப்பாங்க, இருபத்து மூணு பேரும் என் பேனாவைக் கேட்டீங்கன்னா நான் இறங்கறதுக்குள்ள விடிஞ்சிடும். ஹோட்டல் விலாசம் எழுதின அட்டை எப்பவும் சட்டைப் பையில. மாத்திரை சாப்பிடறவங்க கடையில வாங்கின அட்டையோடயே கொண்டு வாங்க, டப்பாவுல கொட்டாதீங்க. டாக்டர் கடிதம் கட்டாயம், அதுல எனக்கு ஒரு நகல்."

முன்வரிசையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கால்மேல் கால் போட்டிருந்தார். "நாங்க என்ன ஸ்கூல் பசங்களாம்மா? நான் மூணு நாடு பார்த்தவன்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனாள். பேராசிரியரின் மனைவி மட்டும் வெளியே போகும்போது அவள் கையை அழுத்தி, "நரம்பு வலிக்கு நான் மாத்திரை சாப்பிடறேன். கடிதம் வாங்கி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அனுப்பியும் விட்டார்.

அந்நிய நாட்டில் இறங்கி, குடியேற்றக் கவுன்ட்டர் வரிசையில் நின்றபோது கோப்பை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த பதில்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கவுன்ட்டர் அதிகாரி அவள் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார், பிறகு ஒரு பக்கத்தை விரித்து அவள்முன் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஊரார் பாஸ்போர்ட்டை எல்லாம் சலித்துப் பார்த்தவள், தன்னுடையதில் கையெழுத்தே போடவில்லை! அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை நீட்டினார். காதுவரை சூடேறக் கையெழுத்துப் போட்டாள். டப் என்று முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தோடு பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அடுத்த ஐந்தாவது நிமிடம் சுங்கச் சோதனையில் பேராசிரியரையும் மனைவியையும் தனியே நிறுத்தினார்கள். எக்ஸ்ரே பெல்ட்டில் போன பேராசிரியரின் பையிலிருந்து பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார் அதிகாரி. உள்ளே அட்டையை விட்டுப் பிரித்துக் கொட்டிய, மனைவியின் வெள்ளை மாத்திரைகள். இடம் மிச்சம் பிடிக்கப் பேராசிரியர் செய்த வேலை. டாக்டர் கடிதத்தை வேண்டாத காகிதம் என்று வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். அந்த வகை மாத்திரைக்கு அங்கே கட்டுப்பாடு அதிகம். அதிகாரி கேள்விமேல் கேள்வி கேட்க, மூன்று நாடு பார்த்தவர் "மாத்திரை, மாத்திரை" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். மனைவிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அவள் கோப்பைத் திறந்துகொண்டே அவர்களிடம் போனாள். கடிதத்தின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அம்மா, பிரிக்காத அட்டை ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது, கைப்பையில், கணவர் கண்ணில் படாமல் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார். அட்டையில் இருந்த மாத்திரைப் பெயர், கடிதத்தில் இருந்த மாத்திரைப் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாள் தங்குகிறார்கள், மொத்தம் எத்தனை மாத்திரை: ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். அவளுடைய ஆங்கிலத்தில் இலக்கணம் முன்னே பின்னே இருந்தது. தயக்கம் இல்லை. அதிகாரி மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாக வந்தது.

"நீங்கள் மருத்துவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. நான் சரிபார்ப்பவள்" என்றாள் அவள்.

அதிகாரி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்ததும் பேராசிரியரின் மனைவி அவளைக் கட்டிக்கொண்டார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். பேருந்தில் எல்லோரும் ஏறிய பிறகு, உட்காராமல் நடுவில் நின்று, "எல்லாரும் கேளுங்க. அந்தம்மா சொல்றதைத் தட்டாம செய்யணும். நான் தட்டினேன், பார்த்தீங்கல்ல?" என்றார். பெரிய மனிதர் பெரிய மனிதர்தான். மீதி நாட்களில் காலையில் ஹோட்டல் வாசலில் முதல் ஆளாக வந்து நின்று, கேட்பதற்கு முன்பே விலாச அட்டையை எடுத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு முதலாளி வருடத்துக்கு இரண்டு குழுவை அவள் பொறுப்பில் விட்டார். நோட்டில் புதிய விஷயங்கள் ஏறின. புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகாதே என்று ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாக எழுதியிருந்தாள். அது அவள் சொந்தக் கொப்புளத்தில் கற்றது.

போன வருடக் குழுவில் கணவரும் வந்தார். விமான நிலையத்தில் எல்லோருடைய கைப்பையையும் பார்த்தது போல அவருடையதையும் திறக்கச் சொன்னாள். அடியில் துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவர் ஒன்று கிடந்தது.

"இது எதுக்குங்க?"

"ஹோட்டல்ல லிஃப்ட் நின்னுடுச்சுன்னா?"

"உள்ளே விடமாட்டாங்க. எடுத்துப் பெரிய பெட்டியில போடுங்க."

"ஏய், கட்டின புருஷனுக்குமா சோதனை?"

"குழுவுல வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

வரிசையில் பின்னால் நின்ற யாரோ ஒருவர், "யாருங்க அது, இவ்வளவு கறாரா இருக்காங்க?" என்று மெதுவாக அவரிடம் கேட்டார். கணவர் குனிந்து ஸ்க்ரூடிரைவரைப் பெரிய பெட்டிக்கு மாற்றிக்கொண்டே சொன்னார்:

"எங்க லீடர். அவங்க பார்த்து அனுப்பினா எவனும் திருப்பி அனுப்ப முடியாது."