கார்த்திகை என்றால் நாளா, மாசமா?

இன்று காலை, நெய்யாறு காட்டு செக்போஸ்ட்டில்...

கேட் பூட்டியிருந்தது. ராத்திரி மழையில் மேலே மரம் விழுந்துவிட்டதாம். யாருக்கும் அனுமதி இல்லை.

காருக்குள் அம்மா. வயது எண்பத்தெட்டு. மடியில் அப்பாவின் பழைய குடை.

கிளம்பும்போதே சொன்னேன். "நல்ல மழையாக்கும் அம்மா. அடுத்த ஆழ்ச்ச போவோம்."

"அடுத்த ஆழ்ச்ச கார்த்திக உண்டா?"

இல்லை. அடுத்த வாரம் கார்த்திகை வராது. வண்டியை எடுத்தேன். (எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.)

அப்பா தை மாதம் போனார். அதிலிருந்து மாதாமாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று அம்மாவை இந்த மலைக்குக் கூட்டி வருகிறேன். கும்ப மாச (நம் மாசி) வெயிலில் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. இடவப்பாதியில், வைகாசி கடைசி மழையில், அட்டை கடித்தது (என்னை மட்டும்). ஓணத்துக்குப் பிறகு பாறை இடுக்கெல்லாம் பூ. இப்போது துலா மழை, நம் ஐப்பசி மழை.

ஏன் கார்த்திகை?

தமிழரும் மலையாளிகளும் மோதிய எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள். அம்மா பாறசாலைத் தமிழ்ப் பெண். அப்பா காட்டாக்கடை மலையாளி, இந்தக் காட்டில் பாரஸ்ட் கார்டு. மலையிறங்கி அம்மா வீட்டுக் கடைக்கு அரிசி வாங்க வருவார். ஒருநாள் அரிசியை விட்டுவிட்டு, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டார்.

அம்மா சொன்னது இவ்வளவுதான்: "கார்த்திகைக்குச் சொல்லுதேன்."

அம்மா வீட்டில் அதுவரை எல்லோரும் அந்த மாசத்தை மலையாளப் பெயரில் விருச்சிகம் என்றுதான் சொல்வார்கள். போராட்டம் வந்த பிறகு வீம்புக்குத் தமிழ் மாசப் பெயர். மலையாளத்திலோ கார்த்திகை என்று மாசமே கிடையாது. நட்சத்திரம் மட்டும்தான்; நட்சத்திரத்தை அவர்கள் 'நாள்' என்பார்கள். அது மாதாமாதம் வரும்.

அப்பா அந்த வாரமே கடை வாசலில் சொட்டச் சொட்ட வந்து நின்றார். இடவப்பாதி மழை.

"நான் மாசமாக்கும் சொன்னேன். அதுக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு."

"கார்த்திகன்னு பறஞ்ஞா நாளல்லே?"

தப்பு புரிந்த பிறகும் மனுஷன் விடவில்லை. ஒவ்வொரு கார்த்திகைக்கும் வந்தார். கடையடைப்பால் பஸ் இல்லாத நாட்களில் நடந்தே வந்தார். இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்ற ரோட்டில், கையில் காட்டுப்பூவோடு. கார்த்திகை மாசம் பிறந்தபோது அம்மாவின் பதில் ஊருக்கே தெரிந்திருந்தது. (அம்மாவின் அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் லேட்.)

இன்று பூட்டிய கேட்டைப் பார்த்து அம்மா காரிலிருந்து இறங்கிவிட்டார். திரும்பிப் போகச் சொல்லி வாச்சர் ஓடி வந்தார்.

"மழ நனையண்டா அம்மச்சி. திரிச்சுப் பொய்க்கோளூ."

"அவரு ஒரு கார்த்திகையும் முடக்கினதில்ல மக்கா. பஸ் ஓடாத்தப்பவும் வந்தாரு. ஒரு பூட்டுக்கு வேண்டி நான் முடக்கணுமா?"

வாச்சர் தன் நாற்காலியைத் தூக்கி வந்து, ஷெட்டுக்குள் மலையைப் பார்க்கப் போட்டுக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அப்பாவிடம் மலையாளத்தில்தான் பேசுவார். அப்பா தமிழில் பதில் சொல்வார். கடைசிவரை அப்படித்தான். இன்றும் அம்மா மலையைப் பார்த்து மெல்ல மலையாளத்தில் பேசினார். இடையிடையே நிறுத்தினார், அப்பா பதில் சொல்லி முடிக்கட்டும் என்று. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. டயரில் காற்று பார்ப்பதுபோலக் குனிந்து அழுதேன்.

பிறகு அம்மா எழுந்து, மலையிடம் "வாறேன்" என்றார்.

வாச்சர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இனி கார்த்திகைக்கு வரூ அம்மச்சி. அப்போழேக்கு வழி சரியாகும்."

பாதி ஏறிய அம்மா நின்றார்.

"தெளிவா சொல்லு மக்கா. நாளா, மாசமா? இந்தக் குழப்பத்துலயாக்கும் எனக்குக் கல்யாணமே ஆச்சு."