பூவராகவன் கடை பல்பும் நேமிராஜ நைனாரின் பொழுதும்

"என்னை ஏமாத்துற வெளக்கு இன்னும் பொறக்கல. ராஜகிரி மலைக்குப் பின்னால சூரியன் எறங்கினா, கண்ணை மூடினு இருந்தாலும் என் வயித்துக்குத் தெரியும்."

1964இல் செஞ்சி கடைத்தெருவில் நின்று இப்படிப் பிரகடனம் செய்தவர், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த நேமிராஜ நைனார். சமணர். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடாத குடும்பம். இருட்டில் சாப்பிட்டால் பூச்சி சோற்றில் விழும், தெரியாமல் ஓர் உயிர் போகும் என்பதால் வந்த விரதம். நைனார் அதை ஒரு ராஜாங்கத்தை ஆள்வது போல் ஆண்டு வந்தார்.

செஞ்சிக் கோட்டையின் மீது எத்தனையோ சைன்யங்கள் படையெடுத்திருக்கின்றன. நைனாரின் ராஜாங்கத்தின் மீது படையெடுத்தது எதிர்வீட்டு ஜவுளிக்கடையின் ஐந்நூறு வாட் பல்பு. தீபாவளி வியாபாரத்துக்காகக் கடை நெற்றியில் அதை மாட்டியவர் பூவராகவச் செட்டியார். துணி வாங்க வந்தவர்களுக்குத் துணி தெரிந்தது. வராதவர்களுக்கு நைனார் வீட்டு அடுப்படி வரைக்கும் தெரிந்தது. மழைக்காலத்து ஈசல்கள் சாரிசாரியாக வந்து மோதி, காலையில் நைனார் வாசலில் செத்துக் கிடந்தன.

நைனார் தெருவைக் கடந்தார்.

"செட்டியாரே, பல்புக்கு ஒரு தகர மூடி போடுங்க. வெளிச்சம் உங்க கடையில விழட்டும். கடை சாத்தினா அணைச்சுடுங்க."

"வெளிச்சம் இன்னா நைனாரே, மாடா? கட்டி வைக்கச் சொல்றீங்க."

"மாடு அடுத்தவன் கொல்லையில மேஞ்சா பட்டியில அடைக்கிறாங்க இல்ல? இது என் வூட்டுக்குள்ள வந்து மேயுது."

செட்டியார் அடைக்கவில்லை. நைனார் கடைக்காரர்களின் கூட்டத்தைக் கூட்டி, தெருவில் உள்ள விளக்குகள் அனைத்துக்கும் மூடி வேண்டுமென்று தீர்மானம் கொண்டு வந்தார். செட்டியார் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த வெளக்கால உங்களுக்கு இன்னா நஷ்டம்? பொழுது தெரியாம எப்பனா சாப்ட்டுட்டீங்களா?"

"நானா? ஏமாறுற ஆளா நானு?"

"அப்ப நஷ்டம் இல்ல. அவ்ளோதான்."

தீர்மானம் தோற்றது. நைனார் தோற்கவில்லை. மறுநாள் முதல், விளக்கு எரிந்ததும் செட்டியார் கடை எதிரில் குடையை விரித்துப் பிடித்து, தம் வீட்டு வாசலுக்கு மட்டும் நிழல் கொடுத்துக்கொண்டு நின்றார். வானம் வெளுத்திருந்தாலும் நின்றார். குடை என்ன விலை என்று விசாரித்தவர்களும் உண்டு. "விக்கிறதுக்கில்ல. வெளக்குக்கு மூடி போடற வரைக்கும் வாடகைக்கும் இல்ல" என்றார்.

கார்த்திகையில் ஒருநாள் பனமலைப் பக்கம் மல்லாட்டை பார்க்கப் போனவர், பஸ் தாமதமாகிப் பசியோடு வந்து சேர்ந்தார். நாளெல்லாம் மூடிய மேகம். கைகால் கழுவி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

மனைவி அனந்தமதி தட்டோடு தயங்கினார். "ஏங்க, பொழுது இருக்குதா?"

"கண்ணு தெரியலியா? செவுத்துல பாரு, மேகம் விலகி வெயிலு."

பாதிச் சாப்பாட்டில் செஞ்சிக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. சுவரிலிருந்த வெயிலும் போனது.

கும்மிருட்டில் பிசைந்த சோறு கையில் நின்றது. அனந்தமதி மெதுவாகக் கேட்டார்: "சூரியனுக்கு எப்பங்க கரண்ட் குடுத்தாங்க?"

நைனார் எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

மறுநாள் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. செட்டியார் கடையில் கூட்டம் சேரும் வரை காத்திருந்து, குடை இல்லாமல் தெருவைக் கடந்தார்.

"செட்டியாரே, அன்னைக்கு இன்னா நஷ்டம்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"நேத்து பொழுது போனப்புறம் சாப்ட்டேன். உங்க பல்பை வெயிலுன்னு நெனச்சி."

துணி கிழிக்கிற சத்தம் நின்றது. சிரிக்கத் திறந்த செட்டியார் வாய், நைனாரின் முகத்தைப் பார்த்துத் தானாக மூடிக்கொண்டது.

நைனார் கக்கத்திலிருந்த தகர மூடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஏணி எங்க இருக்குது?"